ஒன்பது மாதம் காத்திருக்கச் சொன்ன கத்தி

மடக்குக்கத்தி எந்த ஊர்ப் பாத்திரக்கடையிலும் கிடைக்கும். ஆப்பிள் நறுக்கும், பார்சல் கயிற்றை அறுக்கும், பென்சில் சீவும். விலையும் கையைக் கடிக்காது. அப்படியிருக்க, அதே வேலையைச் செய்யப்போகிற ஒரு கத்திக்காக முன்பணம் கட்டி, ஒரே ஒரு கைவினைஞரிடம் பெயரைப் பதிந்துவிட்டு, வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள். கிறுக்குப் பிடித்தவர்கள் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் இந்தக் கத்தி நடந்துவந்த பாதையைத் திரும்பிப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். ‘கையால் செய்தது’ என்பதைப் பழங்காலத்துப் பெருமை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது ஆலைக்கத்திக்கு இளையது. ஆலைகள் வந்து எல்லாக் கத்தியையும் செய்து தள்ளிய பிறகே அந்தப் பெருமை பிறந்தது.

கதை உப்பில் தொடங்குகிறது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பழங்காலத்திலேயே உப்புச் சுரங்கத்தால் செழித்த ஊர். அங்கே கிடைத்த மடக்குக்கத்தி ஒன்று ஏறத்தாழ கி.மு. 600-500 காலத்தது. எலும்பில் ஒரு பிடி, இரும்பில் ஒரு அலகு, இரண்டையும் கோக்க ஒரு ஆணி. பூட்டு கிடையாது, வில் கிடையாது. ஆணியின் இறுக்கம்தான் அலகைப் பிடித்து நிறுத்த வேண்டும். கூர்மையை உறைக்குள் போடுவதற்குப் பதில் பிடியையே உறையாக்கிவிடலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ, அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கண்ட அமைப்பு மட்டும் ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது.

ரோமானியர் கைக்கு வந்ததும் அது ஆடம்பரப் பொருளாயிற்று. அவர்கள் ஆண்ட பிரிட்டனில், முயலைத் துரத்தும் வேட்டைநாய் வடிவில் வார்த்த வெண்கலப் பிடிகள் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. அதே நாய், அதே முயல், ஊருக்கு ஊர். யாரோ ஒருவர் செய்தது நன்றாக விற்றிருக்கிறது. பார்த்தவர்கள் அதையே வார்த்துவிட்டார்கள். காப்பியடிக்கப்படுவது மடக்குக்கத்தியின் ஜாதகத்திலேயே இருக்கிறது என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், வழி நெடுக அதைப் பார்க்கப்போகிறோம். கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இன்னொரு ரோமானியப் பொருள் இருக்கிறது: வெள்ளிச் சட்டத்துக்குள் கத்தி, கரண்டி, முள்கரண்டி, ஊசிமுனை என்று பலவும் மடங்கிக் கிடக்கும். சுவிஸ் ராணுவக் கத்திக்கு ஏறத்தாழ 1600 வயது மூத்த அண்ணன்.

ரோமானியப் பேரரசு போன பிறகு ஐரோப்பியர்கள் பெரும்பாலும் இடுப்பில் உறை போட்ட கத்தியோடுதான் திரிந்தார்கள். மடக்குக்கத்தியின் அடுத்த பெரிய வீடு வடக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. 14-ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதிய ‘கேன்டர்பரி கதைக’ளிலேயே ஒரு மாவுமில்காரர் காலுறையில் ஷெஃபீல்டுக் கத்தியைச் செருகிக்கொண்டு வருகிறார். அந்த ஊருக்கு அமைந்த வசதி அப்படி. மலையிலிருந்து இறங்கும் ஐந்து ஆறுகள் சாணைச் சக்கரங்களைச் சுற்றின. சக்கரத்துக்கு வேண்டிய கரடுமுரடான மணற்கல் பக்கத்திலேயே கிடைத்தது. கரிக்குக் காடு இருந்தது. 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் கத்தி செய்வோர் சங்கமும் அமைந்தது.

அந்த நூற்றாண்டில்தான் மடக்குக்கத்திக்கு உயிர் கொடுத்த உறுப்பு பரவலாயிற்று: பிடியின் முதுகில் ஒரு வில்பட்டை. அலகின் அடிப்பகுதி அதை அழுத்திக்கொண்டே சுழலும். பாதி வழியில் விறைக்கும், பிறகு ‘டக்’கென்று தானே போய் உட்காரும். கத்தி திறந்தபடி நிற்பதற்கும் மூடியபடி கிடப்பதற்கும் இந்த ஒரு பட்டை போதும். இன்று கைவினைக் கத்திக்காரர்கள் உயிரைக் கொடுத்து மெருகேற்றுவது இந்த ‘டக்’கைத்தான்.

ஷெஃபீல்டில் எல்லாமே கைவேலைதான். ஆனால் ஒரு கத்தி ஒருவர் கையில் உருவாவது கிடையாது. அலகை அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் வேறொருவர், பிடி போட்டுக் கோப்பவர் மூன்றாமவர். சிறிய பட்டறையை வாடகைக்கு எடுத்துக் கூலிக்கு வேலை செய்த இவர்களை அந்த ஊர்ப் பேச்சில் ‘லிட்டில் மெஸ்டர்’ என்பார்கள், சின்ன முதலாளி என்கிற பொருளில். கத்தியில் பொறிக்கப்படுவது அவர்கள் பெயர் அல்ல. வாங்கி விற்கும் நிறுவனத்தின் முத்திரை. சாணைக்காரர்கள் நிலை இன்னும் மோசம். கல்தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு, பலர் நாற்பதைக் காணாமலே போனார்கள். கையால் செய்த கத்தியைப் பற்றிக் கனவோடு பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அலகுக்கு வேண்டிய நல்ல எஃகு வந்த விதம் தற்செயல்களின் தொடர். டான்காஸ்டரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மனுக்குக் கத்தியில் அக்கறையே கிடையாது. கடிகார வில் அடிக்கடி சொதப்பியது; சீரான எஃகு வேண்டும் என்று ஷெஃபீல்டு பக்கம் குடிபெயர்ந்து, 1740-களில் மண்மூசையில் எஃகை முழுவதுமாக உருக்கிக் காட்டினார். ஷெஃபீல்டுக் கத்திக்காரர்கள் அதைத் தொடவில்லை. அடிக்கக் கடினமாக இருக்கிறதாம். அவர் பிரான்சுக்கு விற்றார். பிரெஞ்சுக் கத்திகள் உயர்ந்து நின்றபோது, உள்ளூர்க்காரர்கள் அவர் எஃகை வெளியே விற்கவிடாமல் தடுக்க முயன்றார்கள். நடக்கவில்லை என்றதும் தாங்களே வாங்கத் தொடங்கினார்கள். ஹன்ட்ஸ்மன் காப்புரிமை எடுக்காமல் ரகசியத்தை நம்பினார். குளிர் இரவொன்றில் பிச்சைக்காரன் வேடத்தில் வந்து, உலையருகே படுத்துக்கொள்ள இடம் கேட்ட போட்டியாளர் ஒருவர், தூங்குவதுபோல் நடித்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போய்விட்டார் என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள். கதை எந்த அளவு உண்மையோ, ரகசியம் வெளியேறியது உண்மை.

மூசையில் எஃகு செய்வது தமிழ்நாட்டுக்கும் தெலங்கானாவுக்கும் புதிதல்ல. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வில் இரும்பு, உருக்கு உலைகளின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. சேலம் பக்கத்துக் கொல்லர்கள் இரும்புத் துண்டோடு ஆவாரை மரச்சில்லையும் எருக்கிலையையும் மூசையில் வைத்து, வாயை மண்ணால் அடைத்துப் பலமணி நேரம் ஊதிச் சுட்டதை 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் பதிந்திருக்கிறார்கள். ஐரோப்பியர் இந்த உருக்கை ‘வூட்ஸ்’ என்று அழைத்தார்கள். 1794-இல் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் இதன் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். பேங்க்ஸ் அதைச் சோதிக்கச் சொன்னபோது, ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர் முதலில் செய்து பார்த்தது என்ன தெரியுமா? ஒரு பேனாக்கத்தி. மிகச் சிறந்த எஃகுக் கத்திக்கு ஈடாக வெட்டியது என்பது 1795-இல் வெளியான ஆய்வறிக்கையின் தீர்ப்பு.

ஸ்டோடார்ட் அதோடு விடவில்லை. பிறகு ஒரு கருமானின் மகனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, வூட்ஸின் ரகசியத்தைப் பிடித்துவிட 1818 முதல் சில ஆண்டுகள் எஃகில் வெள்ளியையும் பிளாட்டினத்தையும் இன்னும் என்னென்னவோ கலந்து உருக்கினார். அந்தக் கருமான் மகன் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தின் பக்கம் அவர் முழுமூச்சாகத் திரும்புவதற்கு முன், நம் பக்கத்து உருக்கைக் காப்பியடிக்க முயன்று தோற்றவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தோல்வியில்தான் கலப்பெஃகு ஆராய்ச்சி வேர்விட்டது.

இன்னொருவர் சேலத்திலிருந்தே போனார். ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. சேலத்துக் கொல்லர்கள் எஃகு செய்வதை நேரில் கண்டு எழுதியவர். வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை கட்டினார். அது அவருக்குச் சோறு போடவில்லை. இங்கிலாந்து திரும்பி, மூசை எஃகில் மாங்கனீசைச் சேர்த்தால் உள்நாட்டு மட்டரக இரும்பும் நல்ல எஃகாகும் என்று கண்டு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகின் விலை சரிந்தது, கத்திக்காரர்கள் கொழித்தார்கள். ஆனால் அவருடைய முகவரே, மாங்கனீசுச் சேர்மத்தைத் தனியாகச் செய்யாமல் மூலப்பொருட்களை நேரடியாக மூசையில் போட்டால் காப்புரிமைக்குள் வராது என்று ஒரு சந்து கண்டுபிடித்தார். ஊரே அந்தச் சந்தில் புகுந்தது. ஹீத் ஆண்டுக்கணக்கில் வழக்காடி, முடிவைக் காணாமலே வறுமையில் இறந்தார். ஷெஃபீல்டு இவருக்குப் பட்ட கடன் பெரியது என்பேன். பரங்கிப்பேட்டையும் அதில் ஒரு பங்கு கேட்கலாம்.

அலகு மட்டுமா இங்கிருந்து போனது? ஷெஃபீல்டுக் கத்திகளின் சொரசொரப்பான கொம்புப்பிடிக்கு மிகவும் விரும்பப்பட்டது இந்தியக் கடமானின் கொம்பு. மான் ஆண்டுதோறும் தானே உதிர்க்கும் கொம்பைக் காட்டில் பொறுக்கிக் கப்பலேற்றினார்கள். இந்தியா 1990-களின் இறுதியில் இந்த ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முன்பே வாங்கிப் பதுக்கிய கொம்புகளை இன்றும் கைவினைக் கத்திக்காரர்கள் பொன்போல் வைத்துச் செலவழிக்கிறார்கள்.

மடக்குக்கத்தியின் அன்றைய பெரிய வேலை இறகுப் பேனாவைச் சீவுவது. வாத்து இறகின் முனை எழுத எழுத மழுங்கும். எழுதுகிறவர் எல்லோருக்கும் சிறு கத்தி வேண்டியிருந்தது. 1820-களில் பர்மிங்ஹாம் ஆலைகள் எஃகு நிப்புகளைக் கோடிக்கணக்கில் கொட்டத் தொடங்கியதும் அந்த வேலை போயிற்று. கத்தி போகவில்லை. பழம், புகையிலை, நகம், கயிறு என்று அடுத்த வேலைகளைத் தேடிக்கொண்டது. ஷெஃபீல்டு நிறுவனங்களோ வேலையே இல்லாத கத்திகளையும் செய்தன. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822-இல் 1822 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து, பிறகு ஆண்டுக்கு ஆண்டு அலகு கூட்டியது. 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு 75 அலகுகளோடு இன்னொன்று. எதையும் வெட்டுவதற்காக அவை பிறக்கவில்லை. பார்த்தவர் வாய் பிளக்க வேண்டும், அது நடந்தது.

அட்லாண்டிக்கைக் கடந்தவற்றுள் முக்கியமானது ‘பார்லோ’: நீண்ட உலோகத் தலைப்பூண், மலிவு விலை, முரட்டு உழைப்பு. ‘டாம் சாயர்’ (1876) நாவலில் பைபிள் வசனம் ஒப்பித்ததற்காக டாமுக்குப் பன்னிரண்டரை சென்ட் பார்லோ கிடைக்கிறது. அது ஒன்றையும் வெட்டாது. ஆனால் ‘அசல் பார்லோ’. இதற்கும் போலி செய்து மரியாதையைக் கெடுக்க முடியும் என்று பையன்களுக்கு எப்படித்தான் தோன்றியதோ என்று மார்க் ட்வைன் கேலி செய்கிறார். அசல் எது, போலி எது என்ற கவலை வெட்டும் திறமையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. 1890-இல் மெக்கின்லி வரிச்சட்டம் வெளிநாட்டுக் கத்திகள் மீது கடும் தீர்வை போட, ஷெஃபீல்டின் அமெரிக்கச் சந்தை முறிந்தது. கத்திகள் நுழைய முடியாவிட்டால் என்ன, கத்திக்காரர்கள் நுழையலாமே! கனெக்டிகட், நியூயார்க் மாநிலங்களின் கத்தி ஆலைகளில் ஷெஃபீல்டிலிருந்து குடியேறியவர்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தார்கள்.

ஷெஃபீல்டுக்கு இன்னொரு தலைவலி ஜெர்மனியின் சோலிங்கன். அங்கே இயந்திரத்தில் மலிவாக அலகு அடித்து, அதில் ‘ஷெஃபீல்டு’ என்றே பொறித்து விற்றார்கள். ஆத்திரப்பட்ட இங்கிலாந்து 1887-இல், அந்நியப் பொருளில் அது எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதியே தீர வேண்டும் எனச் சட்டம் போட்டது. அவமானப்படுத்தத்தான் ‘ஜெர்மனியில் செய்தது’ என்று போட வைத்தார்கள். சில பத்தாண்டுகளில் அந்த வாசகமே தரத்துக்குச் சான்றாகிவிட்டது. காப்பியடித்த சோலிங்கனே 1938-இல் தன் பெயரை மற்றவர் பயன்படுத்தாமலிருக்கத் தனிச்சட்டம் பெற்றுக்கொண்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்செனருக்கும் சோலிங்கன்தான் எதிரி. தன் நாட்டு ராணுவம் ஜெர்மன் கத்தி வாங்குவதைப் பொறுக்காமல் 1891-இல் தானே செய்துகொடுத்தார். சோலிங்கன் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கடனில் மூழ்கினார். காப்பாற்றியது ராணுவம் கேட்காத ஒரு கத்தி: இரண்டே வில்லில் ஆறு கருவிகளைத் தாங்கும், தக்கைத் திருகியும் உள்ள மெலிந்த ‘அதிகாரிக் கத்தி’. 1897-இல் பதிவு செய்தார். அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கினார்கள். தாய் விக்டோரியாவின் பெயரும் துருப்பிடிக்கா எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ என்ற சொல்லும் சேர்ந்து பின்னாளில் ‘விக்டோரினாக்ஸ்’ ஆனது. இரண்டாம் உலகப்போரில் வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அதன் ஜெர்மன் பெயர் வாயில் நுழையாததால் ‘சுவிஸ் ஆர்மி’ கத்தி என்று கூப்பிட்டார்கள். ஆலைக்கத்தியின் முழு வெற்றி இது. நான் இதைக் குறைசொல்லப்போவதில்லை. இந்த விலைக்கு இவ்வளவு நேர்த்தியை எந்தக் கையும் தர முடியாது.

பிரான்சில் இரண்டு கத்திகள் இரண்டு வழியில் போயின. சவாய் மலைப்பகுதியில் 18 வயது ஜோசப் ஓபினெல் 1890-இல் செய்த கத்தி ஹால்ஸ்டாட் கத்தியின் நேர் வாரிசு: ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி. 1955-இல் ஒரு பூட்டு வளையம் சேர்ந்தது. ஆலையில் பிறந்தது, ஆலையிலேயே இருக்கிறது, அதற்காக வெட்கப்படுவதும் இல்லை.

லகியோல் கதை சிக்கலானது. தெற்கு பிரான்சின் அந்தக் கிராமத்து ஆட்கள் பனிக்காலத்தில் ஸ்பெயினுக்குப் பிழைக்கப் போவார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் மன்னர்கள் ஆயுதங்களுக்கு அடுத்தடுத்துத் தடை போட்டும், ‘நவாகா’ என்ற நீண்ட மடக்குக்கத்தி அங்கே எல்லா இடுப்பிலும் இருந்தது. ஊர் திரும்பியவர்கள் அதையும் கொண்டுவர, 1829 வாக்கில் பியர்-ஜான் கல்மெல்ஸ் என்ற கத்திக்காரர் அந்த வளைவை உள்ளூர்க் கத்தியோடு இணைத்தார் என்பது வழிவழிச் செய்தி. மாட்டுக்காரர்களுக்காகக் குத்தூசி சேர்ந்தது. வேலை தேடிப் பாரிஸ் போய் மதுக்கடை வைத்தவர்களுக்காக 1880-இல் தக்கைத் திருகி சேர்ந்தது. பிடியில் சிலுவை வடிவில் ஆணிகள். ரொட்டியில் கத்தியைக் குத்தி நிறுத்தி அதன்முன் இடையர்கள் செபித்தார்களாம். வில்லின் தலையில் ஒரு தேனீ. அதை நெப்போலியனே அருளினார் என்று சுற்றுலாப் பயணிகளிடம் சொல்வார்கள், நம்ப வேண்டாம்.

பெயர் வளர வளரத் தொழில் ஊரைவிட்டுப் போனது. தியேர் நகரத்து ஆலைகள் லகியோல் கத்தி செய்தன. பின்னர் பாகிஸ்தானும் சீனமும். 1980-களில் கிராமத்தார் மீண்டும் உலை மூட்டினார்கள். அதற்குள் வெளியூர்க்காரர் ஒருவர் 1993-இல் ஊரின் பெயரையே வணிகக்குறியாகப் பதிவு செய்து, சிகரெட் லைட்டர் முதல் துணிமணி வரை உரிமம் விற்றார். கொதித்துப்போன ஊர்மக்கள் 2012-இல் ஊர்ப்பெயர்ப் பலகையைப் பிடுங்கி எறிந்து எதிர்ப்புக் காட்டினார்கள். 2019-இல்தான் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊர்ப்பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஜப்பானில் 1876-இல் சாமுராய்கள் வாள் தரிப்பதற்குத் தடை வந்தது. வாளடித்த கைகள் வேறு வேலை தேடின. மிகி என்ற இரும்புத்தொழில் ஊரில், 1890-களில் கியூஷுவிலிருந்து ஒரு வணிகர் கொண்டுவந்த மாதிரியைப் பார்த்து உருவானது ‘ஹிகோநோகாமி’: மடித்த தகட்டுப்பிடி, வாளைப்போல் அடுக்கு எஃகு, திறக்க ஒரு சிறு நெம்புவால். தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள் அதில்தான் பென்சில் சீவினார்கள். 1960-இல் சோஷலிஸ்ட் தலைவர் அசனுமா மேடையிலேயே ஓர் இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியது குட்டை வாள். தண்டனை பென்சில் கத்திக்கு. பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் பரவ, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. மிகியில் இன்று அந்தப் பெயரைப் பொறிக்கும் உரிமை நாகாவோ குடும்பத்தின் ஒரே பட்டறைக்குத்தான்.

வழியில் இன்னும் இரண்டு பேரை நலம் விசாரித்துவிட்டுப் போகலாம். சோலிங்கன் 1902-இல் ஆப்பிரிக்கக் காலனிகளுக்கென்று செய்த ‘ஓகாபி’ என்ற மலிவுக் கத்தி தென்னாப்பிரிக்காவில் நிலைத்து, கடல்தாண்டி ஜமைக்காவின் தெருக்களுக்கும் போனது. இந்தி சினிமா வில்லன்களால் நமக்குப் பழக்கமான ராம்பூரிக் கத்தி, நீளத்துக்கு வந்த கட்டுப்பாட்டாலும் மலிவுச் சரக்காலும் நொடிந்துபோனது. ராம்பூர் நகரம் 2023-இல் தன் நாற்சந்தி ஒன்றில் ஆறு மீட்டர் ராம்பூரியை நட்டு வைத்து மனத்தை ஆற்றிக்கொண்டது.

ஷெஃபீல்டில் 1913-இல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்கா எஃகை உருக்கினார். தேடியது துப்பாக்கிக் குழாய்க்கு. கிடைத்தது சாப்பாட்டு மேசைக்கு. உள்ளூர்க் கத்திக்காரர்கள் ஹன்ட்ஸ்மனுக்குச் செய்ததையே இவருக்கும் செய்தார்கள்: வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பட்டம் கட்டினார்கள். போர்கள் முடிந்து உலகம் ஆலைக்கத்திக்கு மாறியபோது பழைய பட்டறைகள் வரிசையாகச் சாத்தப்பட்டன.

கைவினைக் கத்தி திரும்பிப் பிறந்த இடம் அமெரிக்கா. 1930-களில் போ ராண்டால் என்பவர், ஒருவர் படகிலிருந்து பழைய பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டுவதையும், அவ்வளவுக்கும் கத்தி மழுங்காததையும் பார்த்தார். அது மிச்சிகனில் தனியாக வாழ்ந்த பில் ஸ்கேகல் செய்தது. வியந்துபோன ராண்டால் புளோரிடாவில் தானே கத்தி செய்யத் தொடங்கினார். போரில் சிப்பாய்கள் ஆர்டர் குவித்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் பாப் லவ்லெஸ் என்ற கப்பல் தொழிலாளி நியூயார்க்கின் அபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் கடைக்குப் போனார். இன்று ஆயத்த ஆடைக்குப் பேர்போன அந்த நிறுவனம் அன்று வேட்டைச்சாமான் கடை. ராண்டால் கத்தி வேண்டும் என்றார். ஒன்பது மாதம் ஆகும் என்றார்கள். கோபத்தோடு வெளியேறிய லவ்லெஸ், நியூவார்க்கின் பழைய இரும்புக் கடையில் 1937-ஆம் வருட பேக்கார்ட் காரின் வில்பட்டையை வாங்கித் தன் கத்தியைத் தானே அடித்துக்கொண்டார். அதையே பிறகு அந்தக் கடையும் வாங்கி விற்றது. நாளடைவில் லவ்லெஸ் கத்திக்கு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இவர்கள் செய்தவை மடங்காத கத்திகள். ஆனால் ஒரு புது வழக்கத்தை நிறுவினார்கள்: ஒருவர் தொடங்கி அவரே முடிப்பது, முடித்தவர் பெயரை அலகில் பொறிப்பது, அந்தப் பெயருக்காகவே விலை வைப்பது. 1970-இல் கத்தி செய்வோர் கில்டு ஒன்றும் உருவாயிற்று. 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர், 1906-இல் வந்து மறக்கப்பட்ட ஓர் ஆலைப் பூட்டை எடுத்துத் திருத்தி, பிடிக்குள் இருக்கும் தகடே வில்லாகி அலகைத் தாங்கும் ‘லைனர் லாக்’கை அமைத்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போன கிறிஸ் ரீவ் இன்னொரு படி போய், பிடியின் ஒரு பக்கத்தையே பூட்டாக்கினார். இன்று சீனத்தின் யாங்ஜியாங் ஆலைகள் லட்சக்கணக்கில் செய்யும் மடக்குக்கத்திகளில் இந்த இரண்டு பூட்டுகளும் சாதாரணம். சில ஆலைகள் நேர்வழிக்கும் வந்தன: ஸ்பைடர்கோ நிறுவனம் 1990-இல் பாப் டெர்சுவோலா என்ற கைவினைஞரின் வடிவத்தை அவர் பெயரைச் சொல்லியே வெளியிட்டது. கை கண்டுபிடிக்க, ஆலை பெருக்குகிறது.

சரி, அந்த விலைக்கும் காத்திருப்புக்கும் கையில் என்னதான் கிடைக்கிறது? கூர்மை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கணினி ஓட்டும் உலையில் ஒரு பாகை பிசகாமல் பதமேற்றிய ஆலை அலகு, பல கைவினை அலகுகளைத் தோற்கடிக்கும். வேறுபாடு பொருந்துவதில் இருக்கிறது. நல்ல கைவினைக் கத்தியின் முதுகில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மூடியபோதும், பாதி திறந்தபோதும், முழுக்கத் திறந்தபோதும் வில்பட்டையும் தகடும் ஒரே மட்டத்தில் இருக்கும். நகம் எங்கும் தட்டாது. மூன்று நிலையிலும் இப்படி உட்கார வைக்க, கத்தியைப் பலமுறை பூட்டிக் கழற்றி, அலகின் அடியை மயிரிழை மயிரிழையாகத் தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று அலகுள்ள கத்தியில், அலகுகள் ஒன்றையொன்று உரசாமல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க ஒவ்வொன்றையும் அளவாக வளைக்க வேண்டும். ஆலைக்கு இது முடியாது என்றில்லை. அந்த நேரத்துக்கு அங்கே சம்பளக் கணக்கு இடம்தராது. வாங்குகிறவர் காசு கொடுப்பது அந்த நேரத்துக்குத்தான். கூடவே, தன் கையளவு, தான் தேர்ந்த கொம்பு, தன் விருப்ப அலகு என்று சொல்லிச் செய்வித்துக்கொள்ளும் பழைய உரிமையும் திரும்பக் கிடைக்கிறது.

ஷெஃபீல்டின் ஸ்டான் ஷா (1926-2021) பள்ளி முடிந்த வயதில் இபர்சன் நிறுவனத்தில் சேர்ந்து, எண்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைய இதே தொழிலில் இருந்தார். பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் மூடிவிட்டதால், ஊர் முழுவதும் பிரித்துச் செய்த வேலைகளை அவர் ஒருவரே செய்ய வேண்டியிருந்தது. அந்த ஊரின் பொற்காலத்தில் ‘ஒரே ஆள் செய்த கத்தி’ அபூர்வம். தொழில் செத்த பிறகு அதுவே அவர் புகழாயிற்று. 2017-இல் பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கம் கொடுத்தார்கள். அவருடைய பழைய வில்பட்டைக் கத்திக்கு எதிர்பாராத பாதுகாவலும் கிடைத்தது: 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனில் தக்க காரணம் காட்டாமல் வெளியே எடுத்துப்போகலாம் என்று விட்டது, மூன்று அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக்கத்தி மட்டுமே. நவீனப் பூட்டுகள் வீட்டில் கிடக்க, 17-ஆம் நூற்றாண்டு வில் சட்டைப்பையில் சுதந்திரமாக உலாவுகிறது.

என் தீர்ப்பு இதுதான்: தினமும் வெட்ட ஒரு கத்தி வேண்டுமென்றால் ஓபினெல்லோ சுவிஸ் கத்தியோ வாங்குங்கள், மிச்சக் காசுக்குப் புத்தகம் வாங்குங்கள். கைவினைக் கத்தி வாங்குவதென்றால் செய்தவர் யார், எந்தெந்த வேலையை அவரே செய்தார் என்று கேளுங்கள். ‘கைவினை’ என்று அச்சடித்த அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள். வாங்குமுன் முதுகில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், ‘டக்’கைக் காதால் கேளுங்கள். வாங்கிய பிறகு விமானப் பயணத்தில் அதைக் கைப்பையில் வைத்துவிடாதீர்கள். பாதுகாப்புச் சோதனைக்காரருக்கு லவ்லெஸ்ஸும் ஒன்றுதான், ஐம்பது ரூபாய்க் கத்தியும் ஒன்றுதான்.